இலைக் கொப்புளங்களும் சுங்கை சிப்புட்டும்

கும்பகோணம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி, மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு வந்தவள் நான். காலையில் யாரைப் பார்த்தாலும் “பசியாறியாச்சா?” என்று கேட்பார்கள். ரப்பரைப் பால்மரம் என்பார்கள். பேச்சு சீக்கிரம் பழகிவிட்டது, மரங்கள்தான் பழகவில்லை. வயலையும் வரப்பையும் பார்த்து வளர்ந்தவளுக்கு, ஊரைச் சுற்றிச் செம்பனையும் அதற்கு அப்பால் பெயர் தெரியாத காடுமாக இருந்தது என்னவோ போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கணவரும் அவர் நண்பர்களும் மலையேறக் கிளம்பினால் நானும் கூடப் போக ஆரம்பித்தேன்.

அப்படிப் போன வழியில்தான் அந்த மரக்கன்றைப் பார்த்தேன். ஒவ்வொரு கணுவிலும் இலைகள் வட்டமாகச் சுற்றி நின்றன. இலை முழுக்க மிளகளவில் பச்சை உருண்டைகள். சிலது மூடியிருந்தன, சிலது வெடித்து உள்ளே காலியாகக் கிடந்தன. “மரத்துக்கு ஏதோ நோய், தொடாதீங்க” என்றார் கூட வந்த ஒருவர். எனக்கு மனசு கேட்கவில்லை. கீழே கிடந்த ஓர் இலையை எடுத்து வந்தேன்.

பக்கத்து வீட்டுப் பாட்டி ஆயுசு முழுக்கப் பால்மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது பூலாய் மரம்மா. உள்ளே பூச்சி குடியிருக்கு. மரம் ஒண்ணும் சாவாது” என்றார். பூலாய் வேறொன்றுமில்லை, நம் ஏழிலைப்பாலைதான். சைலிட் என்ற மிகச் சிறிய சாறுறிஞ்சிப் பூச்சி இளந்தளிரில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சு சாறு உறிஞ்சும்போது அந்த இடத்தில் இலையே தாறுமாறாக வளர்ந்து குஞ்சை மூடிக்கொள்கிறது. இறக்கை முளைக்கும் பருவத்தில் உருண்டை வெடிக்க, பூச்சி வெளியே வருகிறது. பூச்சியோ பேனோ தூண்டி செடியில் இப்படி எழும் புடைப்பைக் கழலை என்பார்கள். முற்றிய இலையில் புதிதாகக் கழலை எழுவது அபூர்வம்.

கேட்டதும் அப்பாவின் வயல்தான் நினைவுக்கு வந்தது. ஆனைக்கொம்பன் ஈ விழுந்த நெல்லில் குருத்து வெங்காயத் தாள் மாதிரி குழலாக நீண்டு வெளுத்துப்போகும். அதுவும் இதே கதைதான். புங்கை இலைக் கொப்புளம் கண்ணுக்கே தெரியாத சிலந்திப்பேன் செய்வது. குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் மாசிக்காய்கூடக் காய் இல்லை. மேற்காசிய ஓக் மரத்தில் ஒரு சிறு குளவியால் உண்டாகும் கழலை அது. இங்கே மலாய்ப் பெண்கள் பிரசவத்துக்குப் பின் பயன்படுத்தும் மஞ்சக்கானியும் அதுவேதான் என்று தெரிந்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஆனால் இலையில் புடைத்திருப்பதெல்லாம் கழலை ஆகிவிடாது. 1877இல் சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர் கன்றுகளில் 9ஐக் கோலாகங்சாரில் நட்டார்கள். அதில் ஒரு மரம் இன்னும் நிற்கிறது, இங்கிருந்து பக்கம்தான். அதைப் பார்க்கப் போனபோது உதிர்ந்து கிடந்த இலையில் பாட்டி ஒன்றைக் காட்டினார். மூன்று சிற்றிலைகளும் சேரும் இடத்தில் சின்னச் சின்னப் புடைப்புகள். தேன் சுரப்பிகள்! தளிர்ப் பருவத்தில் எறும்பு வந்து நக்குமாம். காப்பி இலையின் அடியில் நரம்பு பிரியும் மூலைகளில் இருக்கும் குழிகளும் செடியே வைத்துக்கொண்டவை. துருநிறத்தில் வெல்வெட்டுத் திட்டாகப் படர்ந்திருந்தால் அது பாசி. தேயிலைத் தோட்டங்களில் செந்துரு என்பார்கள்.

இப்போது நான் முதலில் மரத்தைத்தான் அடையாளம் காண்கிறேன், ஏனென்றால் கழலைப் பூச்சிகளில் பெரும்பாலானவை ஒரே இன மரத்தையோ அதன் நெருங்கிய சொந்தத்தையோ விட்டுப் போவதில்லை. அப்புறம் இலையின் இரண்டு பக்கமும் படம் எடுப்பேன். கீழே விழுந்த இலை கிடைத்தால் ஓர் உருண்டையை பிளேடால் கீறிப் பார்ப்பேன். உள்ளே இருப்பதற்குக் கால் இருந்தால் சைலிட்டாக இருக்கலாம். காலில்லாத புழுவென்றால் ஈயோ குளவியோ. அடிப்பக்கம் திறந்து, ரோமம் அடர்ந்து, உள்ளே எதுவும் தெரியாவிட்டால் சிலந்திப்பேன்மேல் சந்தேகப்படுவேன்.

போன மாதம் எதிர்வீட்டு அக்கா மாமர இலையெல்லாம் பருப்பருவாக இருக்கிறதென்று மருந்தடிக்கப் போனார். மாவிலையில் அந்தப் பருக்களை உண்டாக்குவது கொசுவைப் போன்ற ஒரு குட்டி ஈ. புழு இலைக்குள்ளே பத்திரமாக இருக்கும், மேலே தெளிக்கிற மருந்து அதைச் சரியாக எட்டாது, வீங்கிய இலையும் பழையபடி ஆகாது. “மருந்து வேண்டாம்க்கா, ரொம்ப மோசமான இலைகளை மட்டும் கிள்ளி எரிச்சிடுங்க” என்றேன். அவர் நம்பாமல் பாட்டியிடம் போய்க் கேட்டார். பாட்டியும் அதையேதான் சொன்னாராம்.