அடியில் தங்கும் நொய்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இன்று ஆடிக் கூழ் வார்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, ஒவ்வொருவருக்கும் ஊற்றுமுன் அகப்பையை அண்டாவின் அடிவரை இறக்கி ஒருமுறை கலக்கினார்.

கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்க வைத்து, நொய் சேர்த்துக் காய்ச்சி, ஆறிய பின் மோரும் சின்ன வெங்காயமும் கலந்த கூழ் அது. நொய் அடியில் தங்கிவிடும். கலக்காமல் மொண்டால், முதலில் நிற்பவருக்கு நீர்த்ததும் கடைசியில் வருபவருக்குக் கெட்டியுமாகப் போய்ச் சேரும்.

“எல்லாருக்கும் ஒண்ணுபோலச் சேரோணும் கண்ணு” என்றார்.

கை ஓயவில்லை.

எனக்குக் காரைக்கால் அம்மையார் நினைவுக்கு வந்தார். 63 நாயன்மார்களில் பெண்கள் மூவர். அவர்களுள் ஒருவரான அம்மையாரின் வரலாற்றில், அந்தாதி பாடுவதற்கு வெகுகாலம் முன்பே, பசித்து வந்த அடியாருக்குக் கறி ஆகியிராத வேளையில் சோற்றோடு கணவர் அனுப்பிய மாங்கனி இரண்டில் ஒன்றை இட்ட நிகழ்ச்சி வந்துவிடுகிறது.

சேலத்தில் ஆடி பிறந்தால் கோட்டை மாரியம்மன் கோயில் தொடங்கித் தெருவுக்குத் தெரு அடுப்பு மூட்டப்படுகிறது. பெண்கள் செய்யும் இந்த வேலையைத் திருவிழாவின் ஓரத்தில் நடப்பதாகவே பலரும் கருதுகிறார்கள். என்னளவில் வழிபாடே இதுதான். கருவறையில் நடப்பதற்கு இது எவ்விதத்திலும் குறைந்ததன்று.

உபயதாரர் பலகையில் அரிசியும் மாவும் கொடுத்தவர்களின் பெயர்கள் இருந்தன. விடியுமுன் எழுந்து காய்ச்சிய பெண்களில் ஒருவர் பெயரும் இல்லை. அடுத்த ஆடிக்குள் அவற்றையும் எழுதச் சொல்லி விழாக் குழுவினரிடம் கேட்கப் போகிறேன்.