ஊட்டிக் குளிரும் அப்பாவின் மாருதியும்

ஜனவரி 3, 2026, சனி

அப்பா வைத்திருந்த 1997 மாடல் மாருதி 800 இந்த மார்கழியில் ரொம்பவே அடம்பிடிக்கிறது. விடிகாலையில் கண்ணாடி முழுக்க உறைபனி. சோக்கை முழுக்க இழுத்து செல்ஃப் அடித்தால் என்ஜின் நன்றாகவே சுற்றுகிறது. லேசாக உதறிவிட்டு அணைந்துபோகிறது. வெயில் ஏறியபிறகு ஒரே அடியில் பிடித்துக்கொள்ளும் அதே வண்டி, சூடானதும் ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது) தள்ளாடுகிறது. சைலன்சர் வாயில் கரி படிகிறது, பின்னால் நின்றால் பெட்ரோல் நெடியில் கண் எரிகிறது. லிட்டருக்கு 17 கொடுத்த வண்டி 12-க்கு இறங்கிவிட்டது.

விசாரித்த இடத்தில் எல்லாம் ஒரே பதில்: "கார்புரேட்டர் போச்சு சார், மாத்திடுங்க." பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குக் கொடுக்கும் அந்தப் பாகத்தை மாற்றுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதற்கு முன்பு ஒன்று தெரிந்தாக வேண்டும். வண்டி பிடிக்காத அந்த நேரத்தில் பெட்ரோல் குறைவாகப் போகிறதா, அதிகமாகப் போகிறதா? ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். வைத்தியம் மட்டும் நேர் எதிர். இதைத் தீர்க்காமல் கார்புரேட்டர் ஸ்குரூவைத் திருகினால் இருக்கிற கோளாறோடு புதிதாக இன்னொன்று சேரும்.

திரவமாக இருக்கும் பெட்ரோல் எரியாது, ஆவியானால்தான் எரியும். சூடான என்ஜினில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று என்பது கணக்கு. குளிரில் பெட்ரோலின் லேசான பகுதி மட்டும்தான் ஆவியாகும், மிச்சமெல்லாம் கலவை என்ஜினுக்குள் போகும் குழாயான மானிஃபோல்டின் சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். அதனால் எரிகிற அளவுக்கு ஆவி கிடைக்க வேண்டுமானால் பல மடங்கு பெட்ரோலை உள்ளே விட வேண்டும். சோக் மூடி காற்றின் வழியை அடைப்பது இதற்குத்தான்: என்ஜினின் உறிஞ்சல் முழுவதும் பெட்ரோல் மேல் விழும்.

ஊட்டியில் இன்னொரு விஷயமும் சேர்கிறது. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். காற்று மெலிந்தது கார்புரேட்டருக்குத் தெரியாது. அதே ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை), ஏறக்குறைய அதே பெட்ரோல். அதனால் கோவையில் சரியாக டியூன் செய்த வண்டி இங்கே வந்தால் ரிச்சாகத்தான், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் அதிகமாகத்தான், ஓடும். கரிக்கு இது ஒரு காரணம். காலையில் பிடிக்காததற்கு இது காரணமாக முடியாது.

ஜனவரி 4, ஞாயிறு

பக்கத்து வீட்டுத் தம்பியை ஆறரை மணிக்கே எழுப்பி ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்தேன். இந்தச் சோதனையை இரவு முழுக்கக் குளிரில் நின்ற வண்டியில்தான் செய்ய வேண்டும். ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் அன்றைய சாட்சி அழிந்துவிடும்.

முதலில் மீட்டர். செல்ஃப் சுற்றும்போது பேட்டரி 10.3 வோல்ட் காட்டியது, 9.6-க்குக் கீழே போகாதவரை கவலை இல்லை. அடுத்து, கார்புரேட்டர் பக்கவாட்டில் இருக்கும் சின்னக் கண்ணாடி. மிதவை அறையில் பெட்ரோல் எவ்வளவு நிற்கிறது என்று அதில் தெரியும், நடுவில் ஒரு புள்ளி, அதுதான் சரியான மட்டம். இரவில் வற்றவில்லை, மட்டம் புள்ளிக்கு மேலேயே நின்றது (இதைத் தனியாகக் குறித்து வைத்தேன்). சாவியைத் திருப்பியதும், பெட்ரோல் வழியைத் திறக்கும் சோலனாய்டு 'டிக்' என்றது. ஏர் ஃபில்டரைக் கழற்றி, என்ஜின் சுற்றாதபோது ஆக்சிலரேட்டர் கம்பியைக் கையால் இழுத்தால் மெல்லிய தாரை உள்ளே பாய்கிறது. பெட்ரோலுக்குக் குறைவில்லை.

பிறகு சோக் இழுத்து, பெடலைத் தொடாமல் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். உதறி நின்றது. உடனே மூன்று பிளக்கையும் கழற்றினேன். முனை முழுக்க வெல்வெட்டு போலக் கருங்கரி. விரலால் தேய்த்தால் வறண்ட தூள், ஈரமே இல்லை. பெட்ரோல் அதிகமாகி மூழ்கியிருந்தால் பிளக் நனைந்து சொட்டும். கரி, நேற்று சூட்டில் ஓடியபோது படிந்தது. இந்த வறட்சி இன்று காலை வந்தது. அதாவது ஒரே வண்டிக்குக் காலையில் பட்டினி, மதியம் அஜீரணம்.

சோக்கை இழுக்கும் நாப் முழுக்க வெளியே இருந்தது. கீழே பார்த்தால் மூடி முக்கால்தான் மூடியிருக்கிறது. அதை விரலால் தள்ளி முழுக்க மூடி, கையை எடுத்துவிட்டு, ஃபில்டரைத் திரும்ப மாட்டினேன். பேக்ஃபயர் ஆனால் தீ மேலே வரும் என்பதால் முகத்தை அந்தப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. "இப்போ அடிக்கட்டுமாண்ணா?" என்றான். அடித்தான், பிடித்துக்கொண்டது.

ஜனவரி 6, செவ்வாய்

சாயங்காலம் சோக் கேபிளைக் கழற்றினேன். உள்கம்பி துருவேறி, வெளி உறைக்குள் சிக்கியிருக்கிறது. நாப்பை இழுத்தால் உறையே வளைந்து கொடுக்கிறது. மறுமுனையில் பாதி அசைவுதான் போய்ச் சேர்கிறது. தள்ளும்போதும் அப்படியே. ஆக, மூடி முழுசாக மூடுவதும் இல்லை, முழுசாகத் திறப்பதும் இல்லை. காலையில் பட்டினிக்கு முழுக் காரணமும் மதியக் கரிக்குப் பாதிக் காரணமும் இந்த ஒரு முழக் கம்பிதான். விலையைச் சொன்னால், கார்புரேட்டரை மாற்றச் சொன்னவர்களுக்குச் சங்கடமாக இருக்கும்.

கேபிள் கோவையிலிருந்து வரவேண்டும்.

ஜனவரி 11, ஞாயிறு

புதுக் கேபிள் மாட்டியாயிற்று. மாட்டும்போது ஃபில்டரைக் கழற்றிவைத்து, நாப்பின் இரண்டு கோடியிலும் மூடி எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் கிளாம்பை முறுக்க வேண்டும். வண்டி இப்போது பனியிலும் பிடிக்கிறது.

ஆனால் சோக்கைச் சீக்கிரம் உள்ளே தள்ள விடவில்லை. தள்ளினால் திணறுகிறது. டெம்பரேச்சர் முள் அடியிலேயே கிடக்கிறது. ஸ்டார்ட் செய்ததிலிருந்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நியாயமாக அது பல நிமிடம் ஜில்லென்று இருந்து, என்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத தெர்மோஸ்டாட் திறந்ததும் சட்டென்று சுட வேண்டும். இங்கே ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பு ஏறியது. தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்தின் மூடியைக் கழற்றினேன். உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை!

சமவெளியில் இது சர்வசாதாரணம். வண்டி கொதித்தால் முதல் வேலையாக அதைப் பிடுங்கி எறிவார்கள். அங்கேயே அது தப்பு. இங்கே பெரிய தப்பு. என்ஜின் சூடேறாது, சோக்கை உள்ளே விட முடியாது, ஆவியாகாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தேன். பெட்ரோல் வாசம், மட்டமும் மேல் கோட்டைத் தாண்டியிருக்கிறது. ஆயில் அளவு தானாக ஏறுவது நல்ல செய்தி இல்லை. புது தெர்மோஸ்டாட், கூலன்ட், ஆயில் மாற்று. 20W-50-ஐ விட்டுவிட்டு 10W-30 ஊற்றினேன், குளிரில் சுற்றுவதற்கு லேசாக இருக்கும்.

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். கடைகள் இல்லை, கையில் ரிப்பேர் கிட் இருக்கிறது.

சூடானபிறகும் புகை நெடி குறைந்ததே தவிர நிற்கவில்லை. கேஸ்கெட், வாக்குவம் ஹோஸ் எல்லாவற்றையும் ஸ்பிரே அடித்துப் பார்த்தேன், ஐடிலிங் மாறவில்லை, லீக் இல்லை. அன்று குறித்து வைத்த கண்ணாடி மட்டம் நினைவுக்கு வந்தது. என்ஜின் ஓடும்போது பார்த்தால் பெட்ரோல் புள்ளியை விட்டு நன்றாக மேலே நிற்கிறது. மட்டம் ஏறினால் எல்லா வேகத்திலும் ரிச் ஆகும்.

மட்டம் ஏறியதும் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் மிதவை ஊசியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். அதன் கூம்பு முனையில் மோதிரம் போட்டதுபோல ஒரு பள்ளம். அது அடைக்கும் துளையான சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்தது. இப்போது பங்க்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல்தான் காரணம் என்று உடனே சொல்லத் தோன்றும். இத்தனை வருஷம் எழுந்து உட்கார்ந்த ஊசிக்கு வேறு காரணம் தேட நான் தயாரில்லை. எத்தனாலுக்கு ஒரு பங்குக்கு 9 பங்கு காற்றே போதும் என்பதால், அது கலந்த பெட்ரோலில் பழைய ஜெட் கொஞ்சம் லீனாகவே (காற்றுக்குப் பெட்ரோல் குறைவாக) ஓடும். மலையில் அது நமக்குச் சாதகம். ஆவியாக அதிக வெப்பம் கேட்பது மட்டும் காலையில் பாதகம்.

ஊசி, சீட் இரண்டையும் மாற்றினேன். மட்டம் புள்ளிக்கு வந்துவிட்டது. ஜெட்களைக் கிளீனரும் காற்றும் வைத்துச் சுத்தம் செய்தேன். கம்பி விட்டுக் குத்துபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்தத் துளையின் அளவுதான் கார்புரேட்டரின் கணக்கே.

ஜனவரி 18, ஞாயிறு

இன்றுதான் ஐடிலிங்கில் காற்று-பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்குரூவைத் தொட்டேன். என்ஜின் முழுச் சூட்டில், சோக் முழுக்கத் திறந்து, ஃபில்டர் மாட்டிய நிலையில். மெதுவாக உள்ளே திருகினால் லீனாகித் தள்ளாடும். வெளியே எடுத்தால் ஆர்பிஎம் ஏறி ஓர் இடத்தில் உச்சம் தொடும். அதற்கு மேல் போனால் கனத்து இறங்கும். உச்சத்தில் நிறுத்தி, ஒரு மயிரிழை உள்ளே. அப்புறம் ஐடிலிங் ஸ்குரூவில் 900-க்கு வைத்தேன்.

மாசுச் சான்றிதழ் எடுக்கும் இடத்தில் கார்பன் மோனாக்சைடு அளவு 1.9 சதவீதம் வந்தது. 2000-க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு வரம்பு 3. கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் அந்தச் சான்றிதழைத் தூக்கிப் போடக் கூடாது. மிக்சர் எப்படி இருக்கிறது என்று எண்ணில் சொல்லும் கருவி நம் கைக்கு எட்டும் தூரத்தில் அது ஒன்றுதான்.

ஜனவரி 25, ஞாயிறு

குன்னூர், பர்லியார் வழியாக மேட்டுப்பாளையம் போய்வந்தோம். பயந்தது இறக்கத்தை நினைத்து: மலைக்கு டியூன் செய்த வண்டி கீழே லீனாகும், லீனானால் சூடேறி என்ஜினுக்குள் 'டக்டக்' என்று தட்டும். கீழே சமரோட்டில் மூன்றாவது கியரில் அழுத்திப் பார்த்தேன், தட்டவில்லை. நிறுத்தி ஒரு பிளக்கைக் கழற்றினால் வெளிறிய பழுப்பு. வெள்ளையாக இருந்திருந்தால் லீன் என்று அர்த்தம்.

மலைக்கு ஒரு சைஸ் சின்ன மெயின் ஜெட் போடலாம் என்று நண்பர் சொல்கிறார். மேலேயே ஓடும் வண்டிக்கு அது சரி. மாதாமாதம் கோவை போகிற இந்த வண்டிக்கு வேண்டாம், இருக்கிற ஜெட்டே இருக்கட்டும். டேங்க் நிரப்பியிருக்கிறேன். மைலேஜ் கணக்கு அடுத்த முறை நிரப்பும்போது.