மினுக்கின லைனர்

சுன்னாகத்தில் ஒரு கராஜில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், உராய்வைக் குறைப்பதென்றால் வழுவழுப்பாக்குவது என்றுதான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பால் எனக்கு ஒரு செற் றிங், அதாவது பிஸ்டனைச் சுற்றிப் போடுகிற வளையங்கள், நட்டம்.

வந்தது ஒரு மாசி பெர்குசன் 135 டிராக்டர், வெங்காயத் தறை உழுகிற மெசின். உள்ளே பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் டீசல்: துவார விட்டம் 91.44 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓடும் தூரம் 127. சிலிண்டரின் மூடியான ஹெட்டைக் கழற்றி, உள்ளே செருகியிருக்கிற குழாயான லைனரின் மேல்பக்கம் நகத்தால் தடவினால் ஓரிடத்தில் படக்கென்று தட்டுப்பட்டது. கராஜ்கார அண்ணை அதை ‘வரம்பு’ என்பார். அவரும் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைதானே.

பிஸ்டன் மேலே போய் ஒரு கணம் நின்று திரும்புகிற இடம் அது. நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடும்போது பிஸ்டனின் சராசரி வேகம் செக்கனுக்கு 8.5 மீற்றர் அளவில் வரும். நடுவழியில் அந்த ஓட்டமே ஒயிலை இழுத்துவந்து றிங்கை மிதக்க வைக்கும். நின்று திரும்புகிற இடத்தில் மிதப்பு இல்லை. போதாக்குறைக்கு, எரிகிற வாயுவின் அழுத்தம் மேல் றிங்கின் முதுகுப்பக்கம் புகுந்து அதைச் சுவரோடு நெரிப்பதும் அங்கேதான். அந்த இடம் தேய்ந்து குழிய, அதற்கு மேலே றிங் எட்டாத பகுதி வரம்பாய் நிற்கும்.

புது லைனர் இறக்கினோம். ஹோன் பண்ணின, அதாவது சாணைக்கல்லால் உள்சுவரில் கீறிவிட்ட, குறுக்குக் கோடுகளைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணை சாப்பிடப் போன நேரம் எமெறித் தாளால் கண்ணாடிபோல மினுக்கிவிட்டேன். சில கிழமைகளில் மெசின் ஒயில் எரிகிற நீலப் புகையோடு திரும்பி வந்தது.

“முகம் பாக்கவோ தம்பி லைனர்? கோடு இல்லாட்டி ஒயில் எங்கை நிக்கும்?”

அந்தக் கோடுகள் ஒன்றையொன்று 45 முதல் 60 பாகை அளவில் வெட்டும். பள்ளத்தில் ஒயில் தங்கும். மேடுகளின் கூர்நுனியை மட்டும் சீவிவிடவேண்டும். நான் பள்ளத்தையும் சேர்த்துத் தூர்த்திருந்தேன். புது றிங்குகளுக்கு என் சம்பளத்தில் கழித்தார். நியாயம்தான்.

பிறகொரு நாள் அவரே ஒரு வேடிக்கை காட்டினார். மீன் நிறுக்கிற வில்லுத்தராசைக் கயிற்றில் கட்டி, கயிற்றை எஞ்சினைச் சுழற்றுகிற கிராங்க் தண்டின் கப்பியில் சுற்றி இழுக்கச் சொன்னார். றிங் போடாத பிஸ்டன்களோடு முள்ளு பெரிதாய் அசையவில்லை. மேல் றிங்குகளைப் போட்டபோது கொஞ்சம் ஏறியது. சுவரிலிருக்கிற ஒயிலை வழிக்கிற ஒயில் றிங்கைப் போட்டதும் ஒரு பாய்ச்சல் பாய்ந்தது! அதற்குப் பின்னால் இருக்கிற சுருள்வில்லுத்தான் காரணம். எஞ்சினுக்குள் உராய்வில் போகிற சக்தியில் நூற்றுக்கு 40, 50 வரை பிஸ்டனும் றிங்கும் தின்னும் என்று பின்னாளில் படித்தபோது அந்தத் தராசுமுள்ளுத்தான் கண்ணுக்குள் நின்றது. பழைய டீசல் பிஸ்டன்களில் நாலு, ஐந்து றிங் இருக்கும்; இப்போது மூன்றுதான், அதுவும் மெல்லிசு. அதற்காக அந்த வில்லை நாமாக வெட்டித் தளர்த்தக் கூடாது. லைனர் கொஞ்சம் நெளிந்தாலும் றிங் அதோடு ஒட்டிப்போக முடியாமல் ஒயில் மேலே ஏறிவிடும். மினுக்கின கதை திரும்ப வரும்.

நெளிவு என்றதும் எங்கள் ஊர்த் தண்ணீரைச் சொல்லவேண்டும். வலிகாமத்துச் செம்மண் தூசி காற்று வடிகட்டியைத் தாண்டினால் லைனரை அராவும் என்பது எல்லோருக்கும் தெரியும்; வடிகட்டிக் கிண்ணத்தில் ஒயில் மாற்றுகிறவர்கள்தான் குறைவு. தண்ணீரை ஒருவரும் நினைப்பதில்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வருகிற கிணற்றுத் தண்ணீரை வருடக்கணக்காய் றேடியேற்றருக்கு ஊற்றினால் எஞ்சின் புளொக்கின் உள்ளே வெள்ளைப் படை கட்டும். படை கட்டின பக்கம் சூடு இறங்காது. ஒருபக்கம் சூடேறி லைனர் வட்டம் கெடும், ஒயில் நீர்த்துப்போகும், எவ்வளவு நல்ல றிங் போட்டாலும் உரசும்.

ஆகவே மெசினைத் திருப்பிக் கொடுக்கும்போது மழைத்தண்ணீர் பிடித்து விடச் சொல்லுவேன். போன மாரியில் ஒரு ஐயா சண்டைக்கே வந்துவிட்டார்.

“நாங்கள் குடிக்கிற தண்ணி உன்ரை மெசினுக்கு ஆகாதோ?”

கராஜில் தேத்தண்ணி வைக்கிற கேத்திலின் மூடியைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். உள்ளே விரலால் சுரண்டிப் பார்த்தார். “உதைப் போலயோ?” என்றார்.

அடுத்த தடவை வந்தபோது மெசினின் பின்பக்கம் ஒரு தண்ணீர்க் கான் கட்டியிருந்தது. மழைத்தண்ணீராம்.