பென்சிலால் எழுதிய தேதி

2022 செப்டம்பரில் பொறையாரிலிருந்து ஜெர்மனியின் ஹாலே நகருக்கு வந்தபோது என் கைப்பையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. முதல் பக்கத்தில் நீல மையில் மூன்று வரிகள்: 2023 மார்ச்சுக்குள் பி2 மொழித் தேர்வு, டிசம்பருக்குள் அனர்கென்னுங், 2024 ஈஸ்டருக்கு அவரும் மகளும் இங்கே. புறப்படும் முன் அந்தப் பக்கத்தின் மேல் கைவைத்து ஜெபித்தேன். அம்மா நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "கர்த்தருக்குச் சித்தமானால் என்று எழுதவில்லையே, அம்மா" என்றார். கல்யாணப் பத்திரிகையில் போடுகிற வரி இங்கே எதற்கு என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அனர்கென்னுங் என்பது நம் நர்சிங் படிப்பை இங்குள்ள அரசு அங்கீகரிப்பது. ஊரில் படித்த பாடங்களையும் மணிக்கணக்கையும் தங்கள் படிப்போடு ஒப்பிட்டு, எதெது குறைகிறது என்று கடிதம் அனுப்புவார்கள். குறையைப் பயிற்சியில் சேர்ந்து ஈடுகட்டலாம், அல்லது தேர்வு எழுதலாம். அதுவரை உதவியாளர் வேலைதான். ஒன்பது வருடம் ஊசி போட்ட கை இங்கே சாப்பாட்டுத் தட்டு ஏந்தியது, முதியவர்களைக் குளிப்பாட்டியது. அந்த வேலையில் இழிவு எதுவும் இல்லை. ஆனாலும் மருந்து அலமாரியின் சாவி இன்னொருத்தி இடுப்பில் தொங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

மார்ச்சில் எழுத்துத் தேர்வில் தேறி, பேச்சுத் தேர்வில் தோற்றேன். ஜூனில் அதையும் முடித்தேன். பிறகு ஆவணங்களைக் கொடுக்க ஓர் அலுவலகத்தில் நேரம் கேட்டேன். தொலைபேசியில் "ஃபியர்டல் ட்ரை" என்றார்கள். கால், மூன்று. மூன்றேகால் என்று எடுத்துக்கொண்டேன். ஹாலேக்காரர்களுக்கு அது இரண்டேகால். மூன்றாம் மணியில் கால் பங்கு கடந்திருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. மூன்று மணிக்கே போய் நின்ற எனக்கு, அடுத்த நேரம் ஏழு வாரம் கழித்துக் கிடைத்தது.

அன்று வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் ஃபிராங்கே சதுக்கத்தில் டிராமை விட்டு இறங்கினேன். எதிரே போதகர் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே கட்டிய பழைய அநாதை இல்லம். அதன் முகப்பு உச்சியில் இரண்டு கழுகுகள் சூரியனை நோக்கிப் பறக்கின்றன. கீழே ஏசாயாவின் வசனம். ஜெர்மனில் எழுத்துக் கூட்டிப் படிக்கும்போதே தமிழில் மனதுக்குள் ஓடியது: "கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுப்பெலன் அடைந்து..." காத்திருப்பதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன் என்று அங்கேயே நின்று அழுதேன்.

அந்தக் கட்டடத்தின் கதை எங்கள் லுத்தரன் சபையில் சிறு வயதில் கேட்டதுதான். 1695-இல் ஃபிராங்கேயின் காணிக்கைப் பெட்டியில் நான்கு தாலரும் பதினாறு குரோஷனும் விழுந்தன. ஆண்டவர் அனுப்பிய பணம் என்று நம்பியவர் அதோடு நிற்கவில்லை. புத்தகம் வாங்கினார், ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஒரு மாணவரைச் சம்பளத்துக்கு அமர்த்தினார். மூன்று வருடத்தில் அநாதை இல்லத்துக்கு அடிக்கல் நாட்டிவிட்டார். எங்கள் ஊரிலிருந்து நடந்தே போகக்கூடிய தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கும் ஹாலேயில் படித்தவர். அவருக்காக இங்கே வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் அளவில் பெரிதாகப் போய்விட்டன, தாள் கட்டுப்படியாகவில்லை. அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்து, 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். அந்தப் பெரிய எழுத்துகளையும் யாரோ ஜெபித்துத்தானே கப்பலேற்றியிருப்பார்கள்?

இங்கே ஒரு ஜெபக்கூட்டத்தில், தேதி குறிப்பதே விசுவாசக் குறைவு என்று ஒரு சகோதரி சொன்னார். எனக்கு அது ஒப்பவில்லை. திட்டம் போடாதவள் எதை ஆண்டவரிடம் ஒப்படைப்பாள்? என் தவறு வேறு இடத்தில் இருந்தது. தேதியை நானே முடிவு செய்துவிட்டு, அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தேன்.

அன்றிரவு நோட்டின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். செய்ய வேண்டிய வேலைகளை மையால் எழுதினேன்: தினம் இருபது மருத்துவச் சொற்கள், விடுமுறை நாளில் பழைய கேள்விகள், வாரம் ஒருமுறை ஷிப்டு மாறும்போது நோயாளி விவரங்களை ஜெர்மனில் நானே சொல்வது. தேதிகளைப் பென்சிலால் எழுதினேன். ஓரத்தில் அம்மா சொன்ன வரி. ஜெபமும் மாறியது. மார்ச் என்றும் டிசம்பர் என்றும் கேட்பதை விட்டு, அன்றைய பாடத்துக்குப் பெலன் கேட்டேன்.

2024 ஈஸ்டர் தனியாகத்தான் போயிற்று. விடியற்கால ஆராதனை முடிந்து வந்து ஒரு தட்டு தக்காளிச் சோறு சாப்பிட்டேன். பக்கத்தில் இரண்டு நாற்காலிகள் காலி. அந்த அக்டோபரில் அனர்கென்னுங்குக்கான தேர்வில் தேறினேன். சாவி என் கைக்கு வந்த முதல் நாள், மதிய மருந்துகளை எடுத்து வைக்கும் முன் கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றேன்.

இப்போது விசாவுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். நோட்டில் ஒரு மாதம் பென்சிலால் எழுதியிருக்கிறது; இரண்டு முறை அழித்து எழுதியதால் தாள் அந்த இடத்தில் மெலிந்துவிட்டது. நேற்று மகள் போனில், அங்கே இப்போது மணி என்ன என்று கேட்டாள். ஃபியர்டல் ட்ரை என்றேன்.

"இரண்டேகால்" என்றாள் உடனே. "அம்மா, நாங்கள் எப்போது வருவோம்?"

மாதத்தைச் சொன்னேன். நான் மூச்சு வாங்குவதற்குள் மீதி வரியை அவளே சொல்லி முடித்தாள்.