விக்டோரியா ராணிக்குப் பிடித்த பாட்டு

பக்கிங்ஹாம் அரண்மனையின் பெரிய அறைகளை 1993-லிருந்து கோடைக் காலத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். டிக்கெட்டில் போட்டிருந்த நேரத்துக்கு நானும் அக்காவும் போய்விட்டோம். அக்கா முறையாகச் சங்கீதம் கற்றவள். எந்த ஊருக்குப் போனாலும் அங்கே யார் என்ன பாடினார்கள் என்றுதான் முதலில் கேட்பாள்.

சிம்மாசன அறை, ஓவியக் கூடம் எல்லாம் சீக்கிரமே தாண்டிவிட்டோம். நடன அரங்கில்தான் அக்கா நின்றாள். அங்கே இருக்கும் ஆர்கன் என்ற பெரிய குழாய் வாத்தியம், மன்னர் நான்காம் ஜார்ஜ் கடற்கரை ஊரான பிரைட்டனில் இருந்த தன் மாளிகைக்காகச் செய்வித்தது. அவர் செல்லோ வாசிப்பார். 1823-ல் இத்தாலிய இசையமைப்பாளர் ரொசினியை அந்த மாளிகைக்கே வரவழைத்தவர். விக்டோரியாவுக்கு பிரைட்டன் பிடிக்கவில்லை. மாளிகையை விற்றார்கள், ஆர்கன் லண்டனுக்கு வந்துவிட்டது.

அப்புறம் வெள்ளை வரவேற்பறை. நான் பார்க்க வந்தது இங்கேதான் இருக்கிறது: 1856-ல் விக்டோரியாவுக்காக எரார்ட் கம்பெனி செய்த தங்கப் பியானோ. தூரத்திலிருந்து வெறும் தங்கப் பளபளப்பு. கிட்டே போனால்தான் ஓவியங்கள் தெரிகின்றன. குட்டிக் குட்டிக் குரங்குகள் உட்கார்ந்து வாத்தியம் வாசிக்கின்றன! அக்கா குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ராணியும் கணவர் ஆல்பர்ட்டும் ஒரே பியானோவில் நான்கு கைகளால் சேர்ந்து வாசிப்பார்கள். லூயிஜி லாப்லாஷ் என்ற பெரிய ஓபரா பாடகரிடம் ராணி பல வருடங்கள் பாட்டுக் கற்றுக்கொண்டார். சும்மா பொழுதுபோக்கு என்று அதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பியானோ வருவதற்கு 14 வருடங்களுக்கு முன்பு, 1842 ஜூலையில், ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சன் இதே அரண்மனைக்கு வந்தார். அன்று நடந்ததைத் தன் அம்மாவுக்கு விவரமாக எழுதியிருக்கிறார். காற்றில் இசைத் தாள்கள் அறையெங்கும் பறந்து கிடக்க, ராணியே குனிந்து பொறுக்குகிறார். அவருக்கு அப்போது 23 வயது. ஆல்பர்ட் ஆர்கனில் ஒரு துதிப்பாடலை மனப்பாடமாக வாசிக்கிறார். ராணி பாட வேண்டும் என்றதும், முதலில் கிளியை வெளியே கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் தன்னைவிட அதுதான் உரக்கக் கத்தும் என்கிறார். மெண்டல்சனே கூண்டைத் தூக்கிக்கொண்டு போய் வேலைக்காரர்களிடம் கொடுக்கிறார்.

மெண்டல்சனின் முதல் பாட்டுத் தொகுப்பிலிருந்து ராணி தனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கிறார். ‘இத்தாலி’ என்ற பாட்டு. நன்றாகவே பாடுகிறார்; கடைசியில் நீண்டு நிற்கும் ஸ்வரத்தைத் தொழில்முறைப் பாடகரல்லாத ஒருவர் இவ்வளவு சுத்தமாகப் பாடித் தான் கேட்டதில்லை என்று மெண்டல்சன் எழுதுகிறார். ஆனால் அந்தப் பாட்டு அவருடையது இல்லை! அவருடைய அக்கா ஃபான்னி இயற்றியது. தம்பியின் பெயரில் அச்சாகியிருந்தது. சொல்ல மனசு கஷ்டப்பட்டாலும் ராணியிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, தான் இயற்றியதையும் ஒன்று பாடும்படி கேட்டுக்கொள்கிறார்.

இதை நான் சொல்லி முடித்ததும் அக்கா பியானோவை விட்டு என்னைப் பார்த்தாள். “அப்புறம் அந்தம்மா பெயர் வந்துச்சா?”

வந்தது, ரொம்பத் தாமதமாக. ஃபான்னிக்கு 14 வயதிருக்கும்போதே அப்பா எழுதிவிட்டார்: தம்பிக்கு இசை தொழிலாகலாம், உனக்கு அது அலங்காரம் மட்டும்தான் என்று. 1846-ல்தான் சொந்தப் பெயரில் பாட்டுகளை வரிசையாக வெளியிடத் தொடங்கினார். அடுத்த வருடம் மே மாதம் இறந்துபோனார். ஆறு மாதத்தில் தம்பியும் போய்விட்டார். தம்பி பெயர் போட்ட புத்தகத்தில் ராணியின் மனசு அக்காவின் பாட்டில் போய் நின்றது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

வெளியே வந்து செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். ஏரிக்கரையில் கூழைக்கடாக்கள் இறக்கையை உலர்த்திக்கொண்டிருந்தன. ஆளுக்கொரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அந்தப் பாட்டைக் கேட்டோம். சின்னப் பாட்டுதான். கடைசி ஸ்வரம் வந்ததும் அக்கா கண்ணை மூடிக்கொண்டு, தன்னை அறியாமல் மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

“இதுக்கு நல்ல மூச்சு வேணும்டா” என்றாள். “அந்த ராணி ஒழுங்கா சாதகம் பண்ணியிருக்கா.”