மாநிறத்துக்கு மேட் க்ரீம் ஐ ஷேடோ: செய்து பார்த்ததில் பிடிபட்டவை

வார நாட்களில் பவுடர் ஐ ஷேடோவை ஏறக்குறைய விட்டுவிட்டேன். கன்னத்தில் உதிரும் பொடியைத் துடைத்துச் சரிசெய்யக் காலையில் நேரம் இருப்பதில்லை. சின்ன டப்பியில் வரும் மேட் க்ரீமுக்கு, அதாவது மினுமினுப்பில்லாத க்ரீமுக்கு, அந்தத் தொல்லை இல்லை. சென்னைப் புழுக்கத்தில் அது எப்படி நிற்கிறது என்று கவனித்துக்கொண்டே வருகிறேன்.

எல்லாவற்றையும்விட முக்கியம் நிறத் தேர்வு. நான் மாநிறம். இமை முகத்தைவிட ஒரு படி கறுப்பு. கடைகளில் முதலில் எடுத்துக் காட்டும் வெளிர் பீஜ், காய்ந்ததும் இமையில் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடுகிறது. அதில் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி அதிகம். மினுமினுப்பு இருந்தால் அந்த வெளிறல் கண்ணில் படாது, மேட் க்ரீமில் அப்படியே தெரியும். டெரகோட்டா, செம்மண், இலவங்கப்பட்டை நிறங்களில் சிவப்பு, மஞ்சள் இரும்பு ஆக்சைடுகள் தூக்கலாக இருப்பதால் நம் தோலோடு சட்டென்று சேர்ந்துகொள்கின்றன. இன்னும் அடக்கமாக வேண்டுமென்றால் மேக் (MAC) நிறுவனத்தின் பெயிண்ட் பாட் என்ற க்ரீம் வரிசையில் கிரவுண்ட்வொர்க் என்ற மேட் பழுப்பு இருக்கிறது. மெல்லிசாகப் போட்டால் இமை ஒரே சீராகத் தெரியும், மேக்கப் போட்டதே தெரியாது. கடையில் புறங்கையில் தடவி, நன்றாகக் காய்ந்த பிறகு வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் பாருங்கள். ஈரத்தில் தெரியும் நிறமும் காய்ந்த நிறமும் ஒன்றல்ல.

அடுத்தது வேகம். நீண்ட நேரம் நிற்கும் க்ரீம்களில் ஐசோடோடெகேன் போன்ற சீக்கிரம் ஆவியாகும் திரவம் இருக்கும். அது பறந்ததும் மெழுகும் நிறமியும் மெல்லிய படலமாக இறுகிவிடும். அதற்குப் பிறகு தேய்த்தால் திட்டுத் திட்டாக உரியும். அதனால் ஒரு கண்ணை முழுதாக முடித்துவிட்டுத்தான் மறு கண்ணுக்குப் போகிறேன். ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தால் இன்னும் சீக்கிரம் இறுகுகிறது, கொஞ்சம் தள்ளி உட்காருவது நல்லது. ஒரு கண்ணுக்கு அரை அரிசி அளவு க்ரீம் போதும். மோதிர விரலால் இமை நடுவில் ஒற்றி, ஓரத்தை மட்டும் சின்ன சிந்தெடிக் பிரஷால் மெல்லப் பரப்பிவிடுகிறேன்.

மடிப்பில் கோடு விழுவதுதான் பலரும் சொல்லும் குறை. இமையில் சன்ஸ்க்ரீன், மாய்ஸ்சரைசர் பிசுபிசுப்பு இருந்தால் எந்த க்ரீமும் நகரும், அதனால் முதலில் டிஷ்யூ வைத்து ஒற்றி எடுத்துவிடுகிறேன். போட்டதும் சிறிது நேரம் கீழ்நோக்கிப் பார்த்தபடி இருந்தால் படலம் மடியாமல் இறுகும். அப்புறம் மடிப்பின் மேல் மட்டும் ஒரு துளி நிறமில்லாத பவுடர். இப்படிப் போட்டது மதியச் சாப்பாடு தாண்டியும் அப்படியே நிற்கிறது. இரண்டாவது பூச்சு போட்ட நாட்களில்தான் சீக்கிரம் கோடு விழுகிறது.

அலுவலகத்துக்கு டெரகோட்டா, மேல் இமையில் கண்மை, மஸ்காரா, அவ்வளவுதான். சாயங்காலம் கல்யாண வரவேற்பு இருந்தால் அதே க்ரீமின் மேல் வெளி ஓரத்தில் மட்டும் அடர் பழுப்புப் பவுடரை ஒற்றுவேன். க்ரீம் கீழே இருப்பதால் பவுடர் உதிராமல் ஒட்டிக்கொள்கிறது, நிறமும் அழுத்தமாக வருகிறது.

க்ரீமை எடுத்தவுடன் டப்பியை இறுக மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளேயே காய்ந்து விரிசல் விட்டுவிடும். டப்பியில் அச்சிட்டிருக்கும் திறந்த டப்பிப் படத்துக்குள் 12எம் (12M) என்று போட்டிருந்தால் திறந்ததிலிருந்து 12 மாதம் என்று பொருள். கண்ணுக்குப் போடுவது, அந்தக் கணக்கை மீறாதீர்கள். இரவில் கலைக்கத் தண்ணீர் மட்டும் போதாது. பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு மூடிய இமையில் சற்று நேரம் வைத்தால் படலம் இளகி வந்துவிடும், பிறகு ஃபேஸ் வாஷ்.

கீழ் இமையில் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. அங்கே வியர்வையும் கண்ணீரும் சேர்ந்து மதியத்துக்குள் கரைத்துவிடுகிறது. அடுத்து, கண்மையைத் தீற்றிவிட்டு அதன்மேல் க்ரீமை மிக மெல்லிய கோடாக வைத்துப் பார்க்கப்போகிறேன்.