கரையின் முதுகுப்பக்கம்

பண்ணைக்காரர்கள் சொந்தமாக வைத்திருக்கும் சிறு மண் அணைகளைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. எங்கே போனாலும் உரிமையாளர் முதலில் கரைமேல் ஏற்றி, நிறைந்து கிடக்கும் தண்ணீரைக் காட்டுவார். எனக்கு வேலையோ பின்பக்கம், கரையின் அடியில். அங்கே பெரும்பாலும் புதர் மண்டியிருக்கும். வருடக்கணக்கில் யாரும் இறங்கியிருக்க மாட்டார்கள்.

ஒரு பெரியவரின் கரை 9 மீட்டர் உயரம். அவருடைய அப்பா போட்டது. மிகைநீர் வழிந்து வெளியேறும் கலிங்கின் ஆழம் 1 மீட்டர். பெரியவர் அதில் பலகைகளைச் செருகி அரை மீட்டருக்கு அடைத்து வைத்திருந்தார்.

"வழிஞ்சு வீணாப் போற தண்ணிதானே சார். நிறுத்தி வச்சா கடைசியா ரெண்டு தடவை பாய்ச்சலாம்."

பாசனக் கணக்கில் அவர் சொல்வது சரிதான். ஆனால் வெள்ளத்தின் கணக்கு வேறு. பாதி உயரத்தை அடைத்தால் பாதித் தண்ணீராவது வெளியேறும் என்று தோன்றும். வெளியேறுவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மிச்சம் ஏறி ஏறிக் கரை உச்சியைத் தொடும். கான்கிரீட் அணை என்றால் தண்ணீர் மேலே வழிந்தாலும் சற்று நேரமாவது தாங்கும். மண் கரையில் வழிகிற தண்ணீர் பின்சரிவைக் கீறிக்கொண்டே வந்து உச்சியை அறுத்துவிடும்.

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில், கரும்புப் பாசனத்துக்காகக் கட்டப்பட்ட பழைய கா லோகோ அணை தனியார் கையில் இருந்தது. வாரக்கணக்கில் மழை பெய்தபின் 2006 மார்ச் 14 அதிகாலையில் உடைந்தது. 7 பேர் இறந்தார்கள். மிகைநீர் வழி மண்ணால் மூடப்பட்டு, தண்ணீர் கரைமேல் ஏறி வழிந்திருக்க வேண்டும் என்றது விசாரணை அறிக்கை.

இதையெல்லாம் எழுதித்தான் கொடுத்தேன். 14 பக்கம். மறு வருடம் போனால் பலகைகள் அதே இடத்தில். அறிக்கை உறையைக்கூடப் பிரிக்கவில்லை. கோபம் வந்தது, அப்புறம், யார் படிப்பதற்காக அதை எழுதினேன் என்று யோசித்தேன். என் மேலதிகாரி படிப்பதற்காக!

இரண்டாம் முறை அவரைப் பின்பக்கம் கூட்டிப்போனேன். மதகுக் குழாய் வெளியே வரும் இடத்தை ஒட்டி ஈரம், கொஞ்சம் கசிவு. "ஐயா, மண் கரைன்னா கசியத்தான் செய்யும். அதுக்குப் பயப்படாதீங்க. என்ன நிறத்துல வருதுன்னு மட்டும் பாருங்க" என்று சொல்லி, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து நிழலில் வைத்தேன். அரை மணி கழித்தும் அடியில் வண்டல் இல்லை. தெளிவாக வந்தால் தண்ணீர் மட்டும் வெளியேறுகிறது. கலங்கி வந்தால் கரையின் மண்ணும் சேர்ந்து வெளியேறுகிறது, உள்ளே ஒரு குழாய் உருவாகிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் டீட்டன் அணை எத்தனையோ மடங்கு பெரியது. 1976 ஜூன் 5 காலையில் அங்கே கலங்கிய கசிவைக் கண்டார்கள். நண்பகலுக்குள் அணை உடைந்துவிட்டது.

"கலங்குனா மதகை முழுசாத் திறந்து விட்டுடலாமா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. நீர்மட்டத்தைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் ஊறிப்போன கரையின் முன்பக்கத்தைத் தாங்கி நிற்பதே அந்தத் தண்ணீர்தான். மளமளவென்று இறக்கினால் முன்சரிவு சரிந்து விழலாம். அதனால் முதலில் கீழே குடியிருப்பவர்களுக்குச் சொல்லிவிட்டு எனக்குப் போன் பண்ணுங்கள், எவ்வளவு வேகத்தில் இறக்குவது என்று பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

கீழே யார் குடியிருக்கிறார்கள் என்று அவர் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அப்பா கரை போட்ட காலத்தில் அங்கே வயல் மட்டும்தான்.

அன்று மாலையே பலகைகளைக் கழற்றினார். தூக்கிப் போட மனமில்லை, கொட்டகையில் அடுக்கி வைத்திருக்கிறார். இப்போதும் போகிறபோது முதலில் அங்கே எட்டிப் பார்ப்பேன். மொத்தம் ஒன்பது.